எந்த மூலை எங்கே போகும்?

ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் இப்போது உருமாற்றங்கள் பாடமாகவே இருக்கின்றன. இடப்பெயர்வு, எதிரொளிப்பு, சுழற்சி என்று மூன்று வகை. தட்டையான ஒரு வடிவத்தை அப்படியே நகர்த்தி வைப்பது, கண்ணாடியில் தெரிவதுபோல மறுபக்கம் போடுவது, ஏதாவது ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு சுற்றுவது. கட்டம் போட்ட தாளில் வண்ணப் படங்கள் போட்டிருக்கிறார்கள். 2018இல் வரத் தொடங்கிய புதிய பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்று தனிப் பக்கமும் க்யூஆர் குறியீடும் உண்டு. செல்பேசியை அதன் மேல் காட்டினால் ஜியோஜீப்ரா திறந்துகொள்கிறது. விரலால் இழுத்தால் முக்கோணம் சுற்றுகிறது.

1986இல் காரைக்குடிப் பக்கத்துக் கிராமப் பள்ளி ஒன்றில் நான் கணக்கு டீச்சராகச் சேர்ந்தபோது, நான் எடுத்த எந்த வகுப்பிலும் இப்படி ஒரு பாடம் கிடையாது. இது பாடமாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களில் நானும் ஒருத்தி. வந்தது குறித்து எனக்கு நிறைந்த மகிழ்ச்சி. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு, மாலையில் வீட்டுத் திண்ணைக்கு வரும் தெருப்பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிறபோது மனசு சஞ்சலப்படுகிறது. அன்றைக்குப் புத்தகத்தில் இல்லாத இந்தக் கணக்கு பிள்ளைகளின் விரலில் இருந்தது. இன்றைக்குப் புத்தகத்துக்கு வந்து சேர்ந்த நேரத்தில் விரலை விட்டுப் போய்க்கொண்டிருக்கிறது.

மழை நாள் ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியிடம் செல்பேசியைக் கவிழ்த்து வைக்கச் சொன்னேன். கட்டத்தாளில் ‘ட’ போல ஒரு வடிவம் வரைந்தேன். ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை. வடிவத்தைத் தொடாமல் சற்றுத் தள்ளி ஒரு புள்ளி வைத்தேன். “இந்தப் புள்ளியைச் சுத்தி, கடிகாரம் ஓடுற பக்கமா கால் சுற்று சுத்துறோம். இந்த மூலை எங்கே போகும்? படம் வரைய வேண்டாம். பென்சிலால ஒரு பொட்டு மட்டும் வை” என்றேன். அந்தப் பாடத்துக்குச் செல்பேசியில் உள்ள பயிற்சி எல்லாவற்றையும் முடித்தவள் அவள். பென்சிலைப் பிடித்தபடி தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “அது தானா சுத்திக்கும் டீச்சர்.”

அவள் சொன்னது உண்மை. திரையில் அது தானாகத்தான் சுற்றுகிறது. அவள் விரல் வடிவத்தை இழுக்கிறது, வடிவம் போக வேண்டிய இடத்துக்குப் போய் நிற்கிறது, அவள் அதைப் பார்க்கிறாள். போவதற்கு முன்னால் அது எங்கே போகும் என்று யோசிக்க வேண்டிய தேவை எந்த இடத்திலும் அவளுக்கு வரவில்லை. இந்தப் பாடத்தின் உயிர் அந்த யோசனையில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். ‘இங்கே போகும்’ என்று சொல்லி ஒரு பொட்டை வைத்த பிறகு சுற்றிப் பார்க்கிற பிள்ளைக்குத்தான், மையத்திலிருந்து அந்த மூலை எவ்வளவு தூரமோ அந்தத் தூரம் மாறுவதில்லை என்பது கண்ணில் படும். எல்லா மூலைகளும் ஒரே கோணம்தான் திரும்புகின்றன, மூலைகளுக்கு இடையிலுள்ள நீளங்கள் கலைவதில்லை என்பதும் அப்போதுதான் பிடிபடும்.

அன்றைய வகுப்பறையைச் சொல்கிறேன். ஓட்டுக் கட்டடம். வடிவியல் என்றால் ஒன்பது, பத்தாம் வகுப்புத் தேற்றங்கள். கொடுக்கப்பட்டது, நிரூபிக்க வேண்டியது, அமைப்பு, நிரூபணம் என்று நான்கு தலைப்பு. ‘பக்கம், கோணம், பக்கம்’ என்பதைப் பிள்ளைகள் ‘ப-கோ-ப’ என்று ராகம் போட்டுச் சொல்வார்கள். இரண்டு முக்கோணங்களில் இரண்டு பக்கங்களும் அவற்றுக்கு இடைப்பட்ட கோணமும் சமமானால் முக்கோணங்கள் சர்வசமம். ஏன் என்று எந்தப் பிள்ளையும் கேட்காது. கேட்டால் பதில் அருமையானது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் யூக்ளிட் தன் முதல் புத்தகத்தின் நான்காவது கூற்றில், ஒரு முக்கோணத்தை எடுத்து மற்றதன் மேல் வைத்துப் பார்க்கிறார். ஒட்டிக்கொள்கிறது, முடிந்தது. அந்த ‘எடுத்து வைப்பது’தான் உருமாற்றம். வழியில் முக்கோணம் சுருங்காது, நீளாது என்பதற்கு அவர் விதி எதுவும் சொல்லவில்லை. அந்த உத்தியைத் தன் நூலில் வெகு சில இடங்களில்தான் அவர் கையாள்கிறார். 1899இல் ஹில்பர்ட் வடிவியலுக்கு மறுபடி அடித்தளம் போட்டபோது ப-கோ-பவின் சாரத்தை அடிப்படை விதியாகவே வைத்துவிட்டார்.

அதற்கும் முன்னால் 1872இல், 23 வயதில் எர்லாங்கன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்த ஃபெலிக்ஸ் கிளைன் இதையே தலைகீழாகப் போட்டுப் பார்த்தார். வடிவங்களை அசைப்பதை ஒளித்து வைக்க வேண்டாம், அங்கிருந்தே தொடங்கலாம் என்றார். எந்தெந்த அசைவுகளை அனுமதிக்கிறோம், அந்த அசைவுகளில் எது மாறாமல் நிற்கிறது என்று கேட்பதே வடிவியல் என்பது அவர் பார்வை. நகர்த்தினாலும் சுற்றினாலும் கவிழ்த்தாலும் நீளம் மாறாது. பெரிதாக்கினால் நீளம் மாறும், கோணம் மாறாது. பிள்ளைகள் இன்று இரண்டு விரலால் புகைப்படத்தைப் பெரிதாக்கும்போது முகம் கோணாமல் வருவதற்குக் காரணம் அதுதான். இந்தப் பார்வை பள்ளிக்கு வர நெடுங்காலம் ஆயிற்று. இங்கிலாந்தில் 1961இல் தொடங்கிய ஒரு பாடத்திட்ட இயக்கம் சுழற்சியையும் எதிரொளிப்பையும் சிறுபிள்ளைகளின் புத்தகத்துக்குக் கொண்டுவந்தது. நம் ஊர் ஏழாம் வகுப்புக்கு அது வந்து சேர்ந்த கதையை மேலே சொன்னேன்.

புத்தகத்தில் இல்லாத காலத்தில் பிள்ளைகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? ட்ரேசிங் பேப்பர் வாங்கக் காசு இருக்காது. நோட்டுத் தாளில் தேங்காய் எண்ணெயைத் தடவி வெயிலில் காட்டுவார்கள். தாள் பளபளவென்று கண்ணாடியாகிவிடும். அதைப் படத்தின் மேல் வைத்து, காந்தி தலையோ கட்டபொம்மன் மீசையோ அச்சாக எடுப்பார்கள். எடுத்த தாளைப் புரட்டிப் போட்டால் கட்டபொம்மன் மறுபக்கம் பார்ப்பார். பள்ளியில் நாலைந்து பேருக்குத்தான் பேனா மை தாராளமாகக் கிடைக்கும். அவர்கள் நூலை மையில் தோய்த்து, மடித்த தாளுக்கு நடுவே சுருட்டி வைத்து, மேலே கையை அழுத்திக்கொண்டு நூலை உருவுவார்கள். தாளைப் பிரித்தால் இரண்டு பக்கமும் ஒரே பூ, மடிப்புக் கோட்டுக்கு எதிரெதிராக. கோட்டிலிருந்து இந்தப் பக்கம் இதழ் எவ்வளவு தூரமோ, அந்தப் பக்கமும் அவ்வளவே. எதிரொளிப்புக்கு இதைவிட நல்ல முதல் பாடம் எனக்குத் தெரியாது. அதை யாரும் கணக்கு என்று சொல்லவில்லை. நோட்டுத் தாளைக் கிழித்ததற்கு அடிதான் கிடைத்தது.

பெண்பிள்ளைகளிடம் கோலம் இருந்தது. ஊடுபுள்ளியில் 7 புள்ளி 4 வரை என்று வைத்தால் வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4 என்று வரும். மொத்தம் 37 புள்ளி, அறுகோணம். வகுப்பில் மாணவி ஒருத்தி இருந்தாள். ப-கோ-ப அவளுக்கு எவ்வளவு சொன்னாலும் நிற்காது. மார்கழியில் ஒருநாள் காலை பள்ளி வாசலில் அவள் கோலம் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஆறில் ஒரு பங்கு இதழைப் போட்டாள். இடது கையில் கிண்ணம், வலது கையில் ஆட்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே மாவு. போட்டு முடித்ததும் எழுந்திருக்காமலே குந்தியபடி நகர்ந்து, கோலத்தைச் சுற்றி அடுத்த பக்கம் போய், அங்கே அதே இதழை அதே கைவீச்சில் போட்டாள். அவளைப் பொறுத்தவரை கை எப்போதும் ஒரே அசைவைத்தான் செய்தது. சுற்றியவள் அவள். அறுபது பாகை, அறுபது பாகையாக. கடைசி இதழின் கோடு முதல் இதழின் கோட்டில் வந்து மூடியபோது அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூடும் என்று அவளுக்குத் தெரியும். சிக்குக் கோலத்தில் இன்னும் நுட்பம் உண்டு. சில கோலங்கள் கால் சுற்று சுற்றினால் தம் மேலேயே பொருந்தும். ஆனால் நடுவே எந்தக் கோட்டில் கண்ணாடியை நிறுத்தினாலும் பொருந்தாது. கோலம் பின்னிப் போகிற திசை ஒரே பக்கமாகச் சுழல்வதால் அப்படி. சுழற்சிச் சமச்சீர் வேறு, எதிரொளிப்புச் சமச்சீர் வேறு என்று இன்றைய புத்தகம் சொல்வதை அந்தப் பெண் கால்மாற்றிக் குந்திய இடத்திலேயே அறிந்திருந்தாள்.

அதே தமிழ்நாட்டில், தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி இந்தக் கோலங்களைக் கணிதமாகவே எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்தார். 1974இல் அவரும் ராணி சிரோமணியும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து, கோலங்களை விதிகளைக் கொண்டு பிறப்பிப்பது பற்றி எழுதிய கட்டுரை கணினி வரைகலை இதழ் ஒன்றில் வந்தது. 2002இல் அமெரிக்கக் கணித அறிஞர் மார்ஷா ஆஷர் கோல மரபைப் பற்றி விரிவாக எழுதினார். உலகம் நம் வாசலைக் கணிதமாகப் பார்த்துக்கொண்டிருந்த ஆண்டுகளில், அந்த வாசலைத் தாண்டித்தான் என் மாணவி வகுப்புக்கு வந்து, வடிவியல் தனக்கு வராது என்று உட்கார்ந்திருந்தாள். நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கனக்கிறது. அவளுக்கு வராதது வடிவியல் இல்லை. அவள் கைக்கும் எங்கள் கரும்பலகைக்கும் நடுவே ஒரு சொல் இல்லாமல் போயிற்று.

இதைச் சொல்வதால் அந்தக் காலம்தான் பொற்காலம் என்று நான் சொல்ல வரவில்லை. கோலம் பெண்பிள்ளைகளோடு நின்றது, பையன்கள் தொடவில்லை. அந்தப் பிள்ளைகளில் பலர் பத்தாம் வகுப்போடு நின்றார்கள். கைக்குத் தெரிந்தது வாய்க்கு வராததால் மதிப்பெண்ணாகவும் ஆகவில்லை, மரியாதையாகவும் ஆகவில்லை. இன்றைக்கு என் திண்ணைக்கு வருகிற பெண்பிள்ளைகள் எல்லாருக்கும் கல்லூரி என்பது நிச்சயம். அது பெரிய மாற்றம், அதற்கு எதையும் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் கையை விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இப்போது வாசலில் ஸ்டிக்கர் கோலம். ஒட்டினால் வேலை முடிந்தது.

ஆத்தங்குடிக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பாடத்தைச் சொல்ல எனக்கு வராது. செட்டிநாட்டு வீடுகளின் தரை அது. என்னிடம் படித்துப் பத்தாம் வகுப்பு வடிவியலில் தடுமாறிய பையன் இப்போது கல் பட்டறை வைத்திருக்கிறான். போன கோடையில் என் திண்ணைப் பிள்ளைகளை அங்கே கூட்டிப் போனேன். மேசையில் ஒரு கண்ணாடித் தகடு. அதன் மேல் இரும்புச் சட்டம். சட்டத்துக்குள் பூ வடிவில் அறைகள் பிரித்த உலோக அச்சு. ஒவ்வோர் அறையிலும் சாயம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். மஞ்சள் இங்கே, பச்சை அங்கே, சிவப்பு நடுவில். அச்சை மெல்லத் தூக்கினால் நிறங்கள் கலக்காமல் நிற்கின்றன. மேலே மணலும் சிமென்டும் கலந்த உலர்ந்த தூள், அதன் மேல் சாந்து. காய்ந்ததும் நீர்த்தொட்டி. சூளையில் சுடுவதே இல்லை. ஊறி எடுத்த பின் கண்ணாடியைப் பிரித்தால், கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் கண்ணாடியாகவே மின்னுகிறது.

“இப்பப் பாருங்க” என்று அவன் பிள்ளைகளுக்குச் சொன்னான். “நாங்க ஊத்தறது கல்லோட முதுகுப் பக்கத்துல இருந்து. முகம் கீழே இருக்கு. மேல இருந்து இலை வலது பக்கம் சாயுதுன்னா, கல்லுல இடது பக்கம் சாயும். பேரு போட்டுக் கேட்டாங்கன்னா அச்சுல எழுத்தைத் திருப்பித்தான் வெட்டணும்.” பிள்ளைகள் உடனே கண்ணாடித் தகட்டின் அடியில் குனிந்து பார்த்தார்கள். எதிரொளிப்பு என்ற சொல்லை நான் சொல்லவே இல்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைதான் அதைச் சொன்னாள்.

அடுத்து ஒரே அச்சில் வார்த்த நான்கு கல்லைத் தரையில் வைத்தான். ஒவ்வொன்றின் ஒரு மூலையிலும் கால் வட்டம். மூலைகள் நடுவில் சேரும்படி ஒவ்வொன்றையும் கால் சுற்றுத் திருப்பி வைக்க, முழு வட்டம். எல்லாவற்றையும் ஒரே திசையில் வைக்க, அலை அலையாக வேறு தரை. ஒரு கல், எத்தனையோ தரை. ஓரத்துக்கு வார்க்கும் கல் அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து போகும். அறை மூலைக்கு வந்ததும் தனிக் கல் வேண்டும், மூலைவிட்டத்தில் கண்ணாடி வைத்தால் இரண்டு பாதியும் பொருந்துகிற கல். இலை ஒரு பக்கம் சாய்ந்த பூவை எடுத்து, “இதுக்கு ஜோடியா மறுபக்கம் சாயறது வேணும்னா என்ன செய்யணும்?” என்று பிள்ளைகளைக் கேட்டான். திருப்பி வைக்கலாம் என்றார்கள். வைத்துப் பார்த்தார்கள். கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று. இலை சாய்வது திசை மாறுகிறதே தவிர, ஜோடி அமையவில்லை. தாளாக இருந்தால் புரட்டிப் போடலாம். கல்லுக்குப் பின்பக்கம் வெறும் சாந்து. “ரெண்டாவது அச்சு வாங்கணும். நான் வாங்கினேன்” என்றான். சுழற்சிக்கும் எதிரொளிப்புக்கும் உள்ள வித்தியாசம் அவன் பட்டறையில் ஓர் அச்சின் விலை.

புத்தகத்தில் உள்ள எழுத்துப் பயிற்சியையும் பிறகு கல்லை நினைத்துக்கொண்டே செய்தோம். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் ஏ என்பது நடுவில் கண்ணாடி வைத்தால் பொருந்தும். எஸ், இசட், என் ஆகியவை கண்ணாடிக்குப் பொருந்தா, அரைச் சுற்றுக்குப் பொருந்தும். எச் இரண்டுக்கும் பொருந்தும். தமிழில் தேடச் சொன்னேன். ‘ப’ கண்ணாடிக்கு வந்தது. அதற்கு மேல் கிடைக்காமல் விழித்துக்கொண்டிருந்தபோது ஐந்தாம் வகுப்புப் பொடியன் ஒருவன் ‘ஃ’ என்றான். மூன்று புள்ளியையும் சம தூரத்தில் வைத்தால் மூன்று கண்ணாடிக் கோடு, மூன்றில் ஒரு சுற்றுச் சுழற்சி. நான் அதுவரை யோசித்திராத விடை. அவனுக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

சாய்ந்த கண்ணாடியில்தான் பிள்ளைகள் திணறுகிறார்கள், எல்லா ஊரிலும். இங்கிலாந்தில் 1970களில் 11 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளின் கணிதப் புரிதலை விரிவாக ஆராய்ந்தார்கள். கேத்லீன் ஹார்ட் தொகுப்பில் 1981இல் அது நூலாக வந்தது. கண்ணாடிக் கோடு சாய்ந்திருந்தால் பிள்ளைகள் சாய்வைக் கணக்கில் எடுக்காமல் வடிவத்தை நேரே குறுக்காகவோ கீழாகவோ தள்ளிவிடுகிறார்கள் என்று அதில் கண்டார்கள். என் திண்ணையிலும் அப்படியே. ஒருத்தி முக்கோணத்தைச் சாய்ந்த கோட்டைத் தாண்டி நேர் வலப்பக்கம் போட்டிருந்தாள். தப்பு என்று நான் சொல்லவில்லை. கோட்டின் மேல் தாளை மடிக்கச் சொல்லி, முதல் முக்கோணத்தின் மூன்று மூலையிலும் குண்டூசியால் குத்தச் சொன்னேன். பிரித்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்தாள். ஊசித் துளைகள் மூன்றும் அவள் வரைந்த முக்கோணத்தை விட்டு எங்கோ கீழே இருந்தன. மூலைக்கும் அதன் துளைக்கும் நடுவே ஸ்கேலை வைத்துக் கோடு போட்டாள், மூன்று கோடு. மூன்றும் ஒன்றுக்கொன்று இணை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜியோமெட்ரி பாக்ஸிலிருந்து மூலைமட்டத்தை எடுத்து, கண்ணாடிக் கோட்டின் மேல் ஒரு விளிம்பைப் பொருத்தினாள். அவள் போட்ட கோடு மற்ற விளிம்பில் சரியாக உட்கார்ந்தது. “செங்குத்தாத்தான் போகுது டீச்சர்” என்றாள்.

அந்த நிமிஷத்தில்தான் செல்பேசியைத் திறக்கச் சொன்னேன். ஜியோஜீப்ராவில் கண்ணாடிக் கோட்டைப் பிடித்துச் சுழற்ற, மறுபக்கத்து முக்கோணம் கூடவே ஓடிற்று. எந்தச் சாய்விலும் இணைப்புக் கோடு செங்குத்தாகவே நின்றது. எண்ணெய்த் தாளில் ஒரு சாய்வைப் பார்க்கலாம், இரண்டைப் பார்க்கலாம். இத்தனை சாய்வுகளையும் ஒரே மூச்சில் எந்தக் காலத்துப் பிள்ளையும் பார்த்ததில்லை. ஆஸ்திரியாவில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் தன் முதுகலை ஆய்வுக்காகத் தொடங்கிய இந்த மென்பொருளை இலவசமாக உலகத்துக்குத் தந்திருக்கிறார்கள். கிராமத்துப் பிள்ளைக்கு இது வரம். எனக்குச் செல்பேசியோடு சண்டை இல்லை. அது முதலில் வந்துவிடுவதுதான் சிக்கல். பொட்டு முதலில், ஊசி இரண்டாவது, திரை மூன்றாவது என்ற வரிசையில் வந்தால் அதைப் போல உதவி இல்லை.

தேர்வுக்குப் படிப்பிக்கிறவர்கள் இப்போது விதிகளைப் பட்டியலாகக் கொடுக்கிறார்கள். செங்குத்து அச்சில் எதிரொளித்தால் (3, 2) என்பது (−3, 2) ஆகும். ஆதியைச் சுற்றி இடஞ்சுழியாகக் கால் சுற்று என்றால் (−2, 3). பிள்ளைகள் பட்டியலைச் சொல்கிறார்கள், அன்று ப-கோ-ப சொன்ன அதே ராகத்தில். எண்களை ஏன் இடம் மாற்றினோம், கழித்தல் குறி ஏன் முன்னதற்கு வந்தது என்று கேட்டால் பட்டியலில் அப்படி இருக்கிறது என்பார்கள். ‘ட’ அட்டையின் மூலையை ஆதியில் குத்தி, நீளக் காலைக் கிடைக்கோட்டில் மூன்று கட்டமும் குட்டைக் காலை மேலே இரண்டு கட்டமுமாக வைத்துச் சுற்றச் சொன்னால் போதும். கிடையாக இருந்த மூன்று மேலே நிமிர்கிறது, மேலே இருந்த இரண்டு இடப்பக்கம் படுக்கிறது. பட்டியலே வேண்டியதில்லை.

சுழற்சியின் மையம் வடிவத்துக்கு வெளியே இருக்கும்போது வருகிற குழப்பத்துக்குத் திருவிழா கைகொடுத்தது. ராட்டினத்தில் ஏறிவிட்டு வந்த பிள்ளைகளிடம் ஒன்று கேட்டேன். “குடை ராட்டினத்துல குதிரை மேல உக்காந்து சுத்துறீங்க. ஜெயண்ட் வீல்ல தொட்டில்ல உக்காந்து சுத்துறீங்க. ரெண்டும் சுழற்சியா?” ஆமாம் என்று எல்லாரும் சொன்னார்கள். “அம்மா கீழே கோயிலைப் பார்த்து நிக்கிறாங்க. நீங்களும் கோயிலைப் பார்த்து ஏறினீங்க. பாதிச் சுற்று போனதும் எதைப் பார்ப்பீங்க?” சண்டை தொடங்கியது. குதிரையில் உட்கார்ந்தவன் கோயிலுக்கு முதுகு காட்டிவிடுவான். தொட்டிலில் உட்கார்ந்தவள் உச்சிக்குப் போனாலும் கோயிலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள், அவள் தலை எப்போதும் மேலே. தொட்டில் தொங்குகிறது, அதனால் திரும்புவதில்லை. குதிரை பலகையில் அறைந்தது, அதனால் பலகையோடு திரும்புகிறது. ஜெயண்ட் வீலின் சக்கரம் சுழல்கிறது, தொட்டில் இடம் மட்டும் பெயர்கிறது. வட்டமாகப் போவதெல்லாம் சுழற்சி இல்லை என்று பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கண்டுபிடித்தபோது இருட்டிவிட்டது, அம்மாக்கள் கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

இப்போது திண்ணையில் இரண்டு கண்ணாடி வைத்திருக்கிறோம். சவரக் கண்ணாடி அளவுள்ள இரண்டை ஓரத்தில் செலோ டேப்பால் ஒட்டி, புத்தகம்போலத் திறந்து மேசையில் நிறுத்துவோம். நடுவே ‘ழ’ எழுதிய சீட்டைத் தட்டையாக வைப்போம். கண்ணாடிகளைச் செங்கோணத்தில் திறந்தால் மூன்று பிம்பம். பக்கத்துக்கு ஒன்றாக உள்ள இரண்டும் கண்ணாடி எழுத்து, படிக்க முடியாது. மூலையில் தெரிகிற மூன்றாவது தலைகீழாக இருக்கிறதே ஒழிய, நல்ல ‘ழ’. சீட்டை எண்ணெய்த் தாளில் படியெடுத்து அரைச் சுற்றுத் திருப்பினால் அப்படியே அதுதான். இரண்டு முறை கவிழ்ந்ததில் அது மறுபடி நேராகி, கூடவே சுற்றியும் விட்டது. எவ்வளவு சுற்றியது? கண்ணாடிகளுக்கு நடுவே உள்ள கோணத்தைப் போல இரண்டு மடங்கு. 90 என்றால் 180. கண்ணாடிகளை 60 பாகைக்குக் குறைத்தால் ஐந்து பிம்பம், அவற்றில் இரண்டு நல்ல எழுத்து, ஒவ்வொன்றும் 120 பாகை திரும்பி. கடலை மிட்டாய்க்காரன் உடனே ‘ஃ’ என்று கத்தினான். சரிதான், அதே மூன்று கண்ணாடிக் கோடுகள், அதே மூன்றில் ஒரு சுற்று.

அன்று ஏழாம் வகுப்புக்காரி கேட்டாள்: “டீச்சர், ரெண்டு தடவை கவிழ்த்தா சுத்தின மாதிரி ஆயிடுதுல்ல? அப்ப எத்தனை தடவை சுத்தினா கவிழ்த்த மாதிரி ஆகும்?”

நான் வாயைத் திறப்பதற்குள் பட்டறைக்காரன் மகன் சொன்னான்: “எத்தனை தடவை சுத்தினாலும் ஆகாது. ஆகும்னா எங்கப்பா ரெண்டாவது அச்சு வாங்கியிருப்பாரா?”

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. “உங்கப்பா அச்சு வாங்கினது காரணம் ஆகாது. ஒரு புள்ளியைச் சுத்திச் சுத்திட்டு, அப்புறம் வேற புள்ளியைச் சுத்திச் சுத்தினா? அதையும் உங்கப்பா பார்த்தாரா? ஏன் ஆகாதுன்னு சொல்லு” என்று அட்டையையும் கத்தரிக்கோலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.